புதன்கிழமை வரிசையின் தலைவி

எங்கள் கோர்ட்டில் புதன்கிழமை காலை வேறு வேலை ஓடாது. லைசென்ஸ் இல்லாமல் தள்ளுவண்டி போட்டவர்கள், நடைபாதையை அடைத்துக் கடை பரப்பியவர்கள் என்று இருபது முப்பது பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடுவோம். கூண்டில் அத்தனை பேர் கொள்ள மாட்டார்கள். கூண்டுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். கிளார்க் குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் ஒரே தடவை, மூச்சு விடாமல் படிப்பார். மொழிபெயர்ப்பாளர் சுங் அதை எங்கள் பாஷையில் இன்னும் வேகமாகச் சொல்லி முடிப்பார். வரிசையின் தலையில் நிற்பவர் "ஒத்துக்கறேன்" என்பார். பின்னால் இருப்பவர்கள் வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல ஒவ்வொருவராக "ஒத்துக்கறேன்" என்பார்கள். ஆளுக்கொரு அபராதம். பத்தரைக்கெல்லாம் எல்லாரும் தெருவில் இருப்பார்கள். பதினொன்றுக்கு அதே வண்டி, அதே இடம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கவுலூனில் அந்தக் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் டவாலியாக இருந்தவன் நான். பெயர் மாக். கதவைத் திறப்பது, மூடுவது, "அமைதி" என்று கத்துவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். சட்டம் படித்ததில்லை. படித்தவர்கள் அடித்த கூத்தை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன்.

வரிசையின் தலையில் எப்போதும் நின்றவள் யிப் சோய்-ஹா. காய்கறிச் சந்தைத் தெருவில் ஆவியில் வேகவைத்த அரிசிச் சுருள் விற்பாள். எள்ளும் இனிப்புச் சாறும் ஊற்றி அவள் கொடுத்ததைத் தின்றவன் வேறு வண்டிக்குப் போக மாட்டான். அதில் எனக்கும் அனுபவம் உண்டு. நாற்பத்தைந்து வயது, குட்டையான உருவம், குரல் மட்டும் மூன்று ஆளுக்குப் போதும். யாரும் அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. புதிதாக மாட்டிக்கொண்டவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, "நான் சொன்னப்புறம் நீ சொல்லு, அவ்வளவுதான். மத்தியானச் சோறு வீட்டுலதான்" என்று தைரியம் சொன்னவள் அவள்தான்.

அபராதம் கட்டியதும் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். சோய்-ஹா ஓட மாட்டாள். வேடிக்கை பார்ப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த வழக்கு இரண்டையாவது பார்த்துவிட்டுத்தான் போவாள். முதலில் ஏ.சி.க்காக என்று நினைத்தேன். பாதிக் கூட்டம் அதற்குத்தான் வரும். இவள் வந்தது வார்த்தைக்கு.

அப்போது எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் ஆட்சி, நீதிபதி பெல்லாமி துரையும் வெள்ளைக்காரர். கோர்ட்டில் எல்லாமே ஆங்கிலம். ஏ.பி.சி. தெரியாத சோய்-ஹா அதைப் படித்தது காதால்கூட இல்லை, கதவைப் பார்த்து. கோர்ட் அறைக்கு மூன்று கதவு. இடது கதவு அபராதக் கவுண்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். வலது கதவு ஆபீஸுக்கு. கூண்டுக்குப் பின்னால் இருப்பது கீழே லாக்கப்புக்கு இறங்கும் படி.

"மாக் அண்ணே, அந்தக் கண்ணாடிக்காரனைப் பின்கதவு வழியா எறக்குனாங்களே, அப்ப துரை என்ன வார்த்தை சொன்னாரு?"

"ரிமாண்ட்."

"போன வாரம் ஒருத்தனுக்கும் அதான் சொன்னாரு. அவனும் கீழதான் போனான். சரி. ரிமாண்டுன்னா கீழ."

இப்படியே சேர்த்தாள். பெயில் என்றால் வலது கதவு, கூட ஒரு சொந்தக்காரர் கையெழுத்துப் போடப் போவார். அட்ஜர்ன் என்றால் ஆள் இன்னொரு நாள் அதே சட்டையில் வருவான். டிஸ்சார்ஜ் மட்டும் அவளைக் குழப்பியது. அந்த வார்த்தையைக் கேட்டவன் எந்தக் கதவுக்கும் போக மாட்டான், திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பான். நான் போய்த் தோளைத் தட்டி, "உன்னை விட்டாச்சுய்யா, போ" என்று சொல்ல வேண்டும்.

"அப்ப டிஸ்சார்ஜுன்னா மாக் அண்ணன் தோளைத் தட்டுறது" என்று முடிவு செய்தாள்.

வக்கீல் "வித் ரெஸ்பெக்ட்" என்று ஆரம்பித்தால் அடுத்து துரையைத் திட்டப் போகிறார் என்பதும் அவள் கண்டுபிடிப்புதான். அந்த அர்த்தத்தை வக்கீல்களாலேயே மறுக்க முடியாது. ஒரே ஒரு தடவைதான் என் விளக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கொடுப்பது என்று துரை சொன்னதை நான் பெயர்த்துச் சொன்னேன்.

"சந்தேகத்துல என்ன பலன் இருக்கு? சந்தேகம் வந்துதானே ஆளையே புடிக்கிறாங்க? உங்களுக்கே சரியாத் தெரியல, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் புருஷன் லோ குவாய்-சாங் கோர்ட் வாசல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். கடிகாரக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் சாவி அவர் கையில். வெயில் காலத்திலும் ஒரு சாம்பல் நிறக் கோட்டை எல்லாப் பொத்தானும் போட்டு மாட்டிக்கொண்டு போவார். பெண்டாட்டி புதன்கிழமை வரிசையில் நிற்பவள் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. டீக்கடையில் வேலை செய்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். வழியில் என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் சோய்-ஹா திடீரென்று வரிசையில் காணாமல் போனாள். லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தாள். பன்னிரண்டு மாதம் எந்த வழக்கிலும் பெயர் அடிபடாமல் இருந்தால் சந்தையில் சொந்தமாக ஒரு இடம், தண்ணீர்க் குழாயோடு. அதற்காக வாரத்தில் ஆறு நாள் நிஜமாகவே டீக்கடையில் தட்டுக் கழுவினாள். ஞாயிறு மட்டும் மனசு கேட்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். பதினோரு மாதம் பிடிபடவே இல்லை. எப்படி என்று நானும் யோசித்தது உண்டு.

பதினோராவது மாதத்தில் பிடிபட்டது அவள் இல்லை, அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனி ஸ்டோரிலிருந்து கடிகார முகப்புகள் ஒரு பெட்டி போய்விட்டது. பின்வாசலில் சாம்பல் கோட்டுப் போட்ட ஆள் பெட்டியோடு போனதைப் பார்த்ததாகக் காவலாளி சொன்னார். சாவியும் குவாய்-சாங்கிடம், கோட்டும் குவாய்-சாங்கிடம். திருட்டு வழக்கு போட்டார்கள். ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டு, புதன்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள்.

அன்றைக்கு முதல் வழக்கே அவருடையதுதான். வரிசைக்காரர்கள் சுவரோரமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். சோய்-ஹா பெஞ்சில். கிளார்க் படித்தார், சுங் பெயர்த்தார், "ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார். குவாய்-சாங் கோட்டின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நாட் கில்ட்டி, சார்!"

சத்தம் கூண்டிலிருந்து வரவில்லை. பெஞ்சில் சோய்-ஹா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வாழ்நாளில் அவள் ஆங்கிலத்தில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தலைவி, இடம் மாறி நிக்கிறீங்க!" என்று வரிசையில் ஒரு மீன்காரர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் "அமைதி" என்று கத்தினேன்.

பெல்லாமி துரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பதினோரு மாதமாக இந்த அம்மாவைக் காணோமே" என்றார். பிறகு, ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்ல முடியாது, கூண்டில் நிற்பவர் யோசித்துத் தானே சொல்லட்டும், வழக்கைக் கடைசியில் எடுக்கிறேன் என்று தள்ளி வைத்தார்.

வராந்தாவில் அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். கதவுப் பக்கத்தில் நிற்பது என் வேலை. காதைப் பொத்திக்கொள்வது என் வேலை இல்லை.

"உனக்கென்ன பைத்தியமா? ஒத்துக்கிட்டா பத்தரைக்கு வீட்டுக்குப் போயிடலாம்னு வருஷக்கணக்கா நீதானே சொல்லிட்டிருக்க?" குவாய்-சாங் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது எனக்குய்யா. நான் வண்டி போட்டேன், ஒத்துக்கிட்டேன். நீ திருடுனியா?"

"சேச்சே."

"அப்ப என்னத்தை ஒத்துக்கப் போற?"

"மெதுவாப் பேசு. இல்லைன்னு சொன்னா, அன்னிக்கு மத்தியானம் எங்க இருந்தேன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? உன் வண்டிக்குக் காவலா தெருமுனைல நின்னுக்கிட்டு, அதிகாரி வந்தா சீட்டியடிக்கறதுக்கு இருந்தேன்னா? இன்னும் இருபத்தொம்போது நாள்ல லைசென்ஸ். அபராதத்தைக் கட்டிட்டுப் போறேன், விடு."

பதினோரு மாதப் புதிர் எனக்கு அப்போதுதான் விடிந்தது. என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிற மனுஷன் ஞாயிறுதோறும் தெருமுனையில் சீட்டியடித்திருக்கிறார்.

சோய்-ஹா அவர் கையைப் பிடித்து, திறந்திருந்த கோர்ட் கதவு வழியாக உள்ளே காட்டினாள். "நல்லாப் பாரு. வண்டிக்காரி ஒத்துக்கிட்டா அந்த இடது கதவு. திருட்டுக் கேசுல ஒத்துக்கிட்டா அந்தா, கூண்டுக்குப் பின்னால இருக்குதே, அது. அப்படியே இரக்கப்பட்டு இடது பக்கமா விட்டாலும் கன்விக்‌ஷன்னு ஒண்ணு கூடவே வரும். எனக்கு வந்தது தெருவோட போச்சு. உனக்கு வந்தா வாசல்லயே உக்காந்துக்கும். எந்தக் கம்பெனில உன் கையில சாவி குடுப்பான்? இருபத்திரண்டு வருஷமா அந்தச் சாவியத் தலகாணிக்குக் கீழ வச்சுத் தூங்குற ஆளு நீ."

"லைசென்ஸ்?"

"குழாய்த் தண்ணி இல்லாம இவ்வளவு நாள் விக்கலையா?"

 மறுபடி கூப்பிட்டபோது அவர் கூண்டில் ஏறி, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒத்துக்கல" என்றார். சுங்குக்கே சரியாகக் கேட்காமல் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார். துரை பெயில் கொடுத்து, விசாரணையை மூன்று வாரம் தள்ளிப் போட்டார். சோய்-ஹா வலது கதவு வழியாகப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை அன்றைக்கு லைசென்ஸுக்கு இன்னும் எட்டு நாள். வழக்கை எடுத்ததும் சோய்-ஹா தானே எழுந்து வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். சாட்சி சொல்லப் போகிறவர் மற்றவர் சாட்சியைக் கேட்கக் கூடாது. நான் சொல்லவில்லை, அவளாகத் தெரிந்துகொண்டதுதான். அவள் வெளியே போவதைக் கூண்டிலிருந்து பார்த்த குவாய்-சாங்கின் முகம் வெளுத்துவிட்டது.

காவலாளி நேர்மையான ஆள்தான். "மூஞ்சியைப் பார்க்கலீங்க. முதுகைத்தான் பார்த்தேன். ஆனா அந்தக் கோட்டைத் தெரியாதவங்க எங்க கம்பெனில கிடையாது" என்றார். குவாய்-சாங்கைக் கேட்டார்கள். "நான் எடுக்கலீங்க" என்றார். அப்போது எங்கே இருந்தீர்கள் என்றதற்குப் பொத்தானைத் தொட்டார்.  துரை காத்திருந்து பார்த்துவிட்டு, உங்கள் தரப்பில் சாட்சி உண்டா என்று கேட்டார். குவாய்-சாங் இல்லை என்று தலையாட்டினார். பிறகு கதவைப் பார்த்தார். பிறகு உண்டு என்று தலையாட்டினார். நான் வெளியே போய், "யிப் சோய்-ஹா" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் தடவையிலேயே எழுந்துவிட்டாள். மூன்று தடவை கூப்பிடுவது முறை.

சாட்சிக் கூண்டேறிச் சத்தியம் செய்தாள். "அந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் இவரு என்கூடத்தான் இருந்தாரு. எங்கேன்னா..."

துரை கையைக் காட்டி நிறுத்தினார். எங்கே என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று என்று நினைக்கிறேன். உங்கள் மேலேயே குற்றம் வரும்படியான கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று நிறுத்தி நிதானமாக எச்சரித்தார்.

"புரிஞ்சுதுங்க" என்றாள்.

"நான் இன்னும் பெயர்க்கவே இல்லையேம்மா" என்றார் சுங்.

"நீங்க பெயருங்க, நான் நிக்கறேன்."

சுங் முழுதாகப் பெயர்த்தார். அவள் மரியாதையாகக் கேட்டு முடித்தாள். "இதைக் கேட்டுட்டு எத்தனையோ பேரு வாயை மூடிக்கிட்டு எறங்கிப் போறதைப் பார்த்திருக்கேன். நான் மூடுனா இவரு கீழ போவாரு. சந்தைத் தெருவுல லைசென்ஸ் இல்லாம வண்டி போட்டிருந்தேங்க. அன்னிக்கு மட்டுமில்ல, பதினோரு மாசமா ஞாயிறெல்லாம். இவரு தெருமுனைல காவலுக்கு நின்னாரு. யாரும் அடையாளம் கண்டுக்கக் கூடாதுன்னு கோட்டைக் கழட்டி என்கிட்ட குடுத்துடுவாரு. அன்னிக்குக் காத்து. நான் அதை அடுப்புக்கு மறைப்பாக் கட்டியிருந்தேன்."

கோர்ட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் அமைதி என்று கத்தவில்லை. மறந்துவிட்டது.

போலீஸ் தரப்பு இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவர் கையில் ஒரு தாள். "உங்களுக்கு இதுவரை முப்பத்தெட்டு தண்டனை இருக்கு, சரியா?"

"நாப்பதுங்க."

"இதுல முப்பத்தெட்டுதான் இருக்கு."

"ரெண்டு விட்டுப்போச்சு. ஒண்ணு பெரிய புயல் வந்த வருஷம், காகிதமெல்லாம் நனைஞ்சுபோச்சுன்னாங்க. இன்னொண்ணுல என் பேரை யாப்புன்னு எழுதியிருப்பாங்க, தேடிப் பாருங்க."

துரை பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

"ஆக, நாற்பது தடவை குற்றவாளின்னு தீர்ப்பானவர் நீங்க. புருஷனைக் காப்பாத்த என்ன வேணும்னாலும் சொல்லுவீங்க. உங்க வார்த்தையைக் கோர்ட் எதுக்கு நம்பணும்?"

சோய்-ஹாவுக்கு அந்தக் கேள்வி உண்மையாகவே விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "நாப்பது தடவையும் நான் செஞ்சதைச் செஞ்சேன்னுதானே சார் சொன்னேன்? ஒரு தடவைகூட உங்ககிட்ட பொய் சொல்லலையே" என்றாள்.

சுங் இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. அந்த மனுஷன் குரல் மாறி நான் கேட்டது அது ஒரு தடவைதான். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார்.

கோட்டைக் கழற்றிக் காட்டும்படி துரை சொன்னார். குவாய்-சாங்குக்கு அதுதான் பெரிய தண்டனை. ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். உள்துணியைப் புரட்டி நான் உயர்த்திப் பிடித்தேன். முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகத் தீய்ந்திருந்தது, எள்ளெண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. எனக்குப் பசியே எடுத்துவிட்டது.

துரை அதிகம் பேசவில்லை. சாம்பல் கோட்டு ஊரில் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும் என்பதில்லை, இந்தச் சாட்சியை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கிறேன் என்றார். சோய்-ஹா திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது என்று அப்போதாவது ஒப்புக்கொண்டிருப்பாள்.

"டிஸ்சார்ஜ்ட்" என்றார் துரை.

குவாய்-சாங் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் கோட்டு, உடம்பில் பனியன் தெரிகிற மெல்லிய சட்டை. நான் போய்த் தோளைத் தட்டினேன். அப்போதும் நகரவில்லை. சோய்-ஹாதான் வந்து முழங்கையைப் பிடித்து இடது கதவைக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் தன் வேலையைச் செய்தார். பதினோரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அவர் தாளில் ஏறி, லைசென்ஸ் ஆபீஸுக்கும் போய்விட்டன. பன்னிரண்டு மாதம் மறுபடி முதலிலிருந்து என்று கடிதம் வந்தது. அதைச் சோய்-ஹா என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். "சரி" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.  அந்தக் குழாயை அவள் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். 

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதன்கிழமை, வழக்கம்போல வரிசை. தலையில் சோய்-ஹா. அவளுக்கு அடுத்தபடியாகச் சாம்பல் கோட்டு, எல்லாப் பொத்தானும் போட்டு. ஞாயிற்றுக்கிழமை குவாய்-சாங் தெருமுனைக்குப் போகவில்லையாம். வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று தட்டில் எள் தூவிக்கொண்டிருந்திருக்கிறார். சீட்டியடிக்க ஆள் இல்லை, அதிகாரிகள் வந்து இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். அந்த வழியாகப் போன கம்பெனிக்காரர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

கிளார்க் படித்து முடித்தார். சுங் பெயர்க்க வாயைத் திறந்தார்.

"ஒத்துக்கறேன்!"

கோர்ட்டே திரும்பியது. அவ்வளவு உரக்க அந்த வரிசையில் யாரும் சொன்னதில்லை. பெல்லாமி துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"யோவ், இன்னும் பெயர்க்கவே இல்ல" என்று சோய்-ஹா பல்லைக் கடித்தாள். "அதுவும் நான் சொன்னப்புறம்தான் நீ சொல்லணும். வரிசைக்கு ஒரு முறை இருக்கு."

"நான் செஞ்சேன், ஒத்துக்கறேன்" என்றார் குவாய்-சாங், அவளைப் பார்க்காமல், துரையைப் பார்த்து.